சிட்டிக்கு வந்தது காதல்தானா? ரோபோவும் உணர்ச்சியும்: ஓர் எளிய விளக்கம்

போயா லீவு நாளில் டிவியில் ‘எந்திரன்’ போட்டால் இன்றைக்கும் உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்கிறது. 2010இல் ஷங்கர் இயக்கத்தில் வந்த படம். விஞ்ஞானி வசீகரனும் ரஜினிகாந்த்தான், அவர் செய்த ரோபோ சிட்டியும் ரஜினிகாந்த்தான். படம் முடிந்த மறுநாள் ஹட்டன் பஸ்ஸிலோ தேத்தண்ணிக் கடையிலோ பேச்சு எப்படியும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். “இப்ப நெசமாவே ரோபோவுக்கு உணர்ச்சி வந்துருச்சாமே?” ஒருவர் போனை நீட்டி, ஒரு ரோபோ கண்ணைச் சிமிட்டிச் சிரிக்கிற காணொளியைக் காட்டுவார். “அட போங்கண்ணே, எல்லாம் வயரும் பெட்டரியும்தான்” என்பார் இன்னொருவர். இருவரும் வெவ்வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள் என்பது இருவருக்குமே தெரிவதில்லை. அதனால் அந்த வாக்குவாதம் கடைசித் தரிப்பிடம் வரைக்கும் முடிவதில்லை.

“உணர்ச்சி உள்ள ரோபோ” என்ற பேச்சுக்குள் மூன்று வேலைகள் கலந்து கிடக்கின்றன. எதிரில் இருப்பவரின் உணர்ச்சியைக் கண்டுபிடிப்பது ஒன்று. தனக்கு உணர்ச்சி இருப்பதுபோல் காட்டுவது இன்னொன்று. உள்ளுக்குள் உணர்வது மூன்றாவது. படத்தில் இந்த மூன்றும் ஒரே மின்னல் வெட்டில் சிட்டிக்குள் வந்து இறங்கிவிடுகின்றன. நாம் அவற்றைப் பிரித்து எடுத்துப் பார்ப்போம்.

## ரதி அழும்போது யார் அழுகிறார்கள்?

மாசி மாதத்தில் எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்புவாள். ரதி வேஷம் கட்டுவது பெரும்பாலும் ஓர் ஆண். தப்புச் சத்தம் அடங்கி அந்தப் புலம்பல் எழும்பும்போது முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அண்மையில் கணவனைப் பறிகொடுத்தவள் கூட்டத்தில் இருந்தால் அவளைத் தாங்கிப் பிடிக்கவே இரண்டு பேர் வேண்டும்.

நம்முடைய மூன்று வேலைகளும் இங்கே இருக்கின்றன. எந்த அடியில் கூட்டம் கலங்குகிறது, எங்கே இழுத்துப் பாட வேண்டும் என்று வேஷக்காரருக்குத் தெரியும். அது கண்டுபிடிப்பது. குரலை உடைத்து, மாரில் அடித்துக்கொண்டு பாடுகிறார். அது காட்டுவது. அந்த நேரத்தில் அவருக்குள் துக்கம் இருக்கிறதா? இருக்கலாம். விடிய விடிய ஆடியவருக்குக் கால் வலி மட்டும் இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் கண்ணீர் உண்மை.

அவள் கண்ணீர் உண்மை என்பதால் வேஷக்காரரின் துக்கமும் உண்மையாகிவிடாது. ரோபோ விஷயத்தில் நாம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அது எதையோ காட்டுகிறது, நமக்குள் எதுவோ அசைகிறது. அசைந்தது நம் மனசு என்பதை மறந்துவிட்டு, “பாத்தியா, அதுக்கு உணர்ச்சி இருக்கு” என்கிறோம்.

ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்கக்கூடாது. அரிதாரம் கலைத்த பிறகு வேஷக்காரருக்குச் சொந்தமாகத் துக்கமும் பசியும் கடனும் உண்டு. ரோபோவுக்கு அப்படி ஒரு சொந்த வாழ்க்கை இருக்கிறதா என்பதுதான் நம் கேள்வியே.

## முதல் வேலை: முகத்தைப் படிப்பது

தேயிலை ஃபெக்டரிகளில் கலர் சோர்ட்டர் என்று ஒரு மெஷின் இருக்கிறது. காய்ந்த தூளோடு காம்பும் நாரும் கலந்து வரும். தூள் விழும் வழியில் கமரா நிறத்தைப் பார்க்கும். நிறம் மாறி வருவதைக் காற்று ஊதித் தனியே தள்ளிவிடும். அந்த மெஷினுக்குக் காம்பைக் கண்டால் பிடிக்காது என்று யாரும் சொல்வதில்லை.

ஒருவரின் முகத்தைப் பார்த்து “இவர் கோபமாக இருக்கிறார்” என்று சொல்லும் கருவியும் அதே வம்சத்தில் வந்ததுதான், கொஞ்சம் கூடப் படித்த தம்பி. கமராவில் விழும் முகம் அதற்கு வெறும் எண்களின் அட்டவணை. ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம் என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. அதற்குப் பாடம் எடுக்க, முதலில் மனிதர்கள் உட்கார்ந்து ஏராளமான முகப் படங்களுக்கு “மகிழ்ச்சி”, “கோபம்”, “பயம்” என்று பெயர் ஒட்டிவைப்பார்கள். இப்படிப் பெயர் ஒட்டிய குவியல்தான் பயிற்சித் தரவு. கணினி நிரல் அந்தக் குவியலைத் திரும்பத் திரும்பப் பார்த்து, எந்த மாதிரி எண்களுக்கு எந்தப் பெயர் என்பதைத் தானே பிடித்துக்கொள்ளும். உதாரணங்களிலிருந்து தானாகக் கற்கும் இத்தகைய நிரல்களைத்தான் இன்று பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவு என்கிறோம். புதிதாக ஒரு முகத்தைக் காட்டினால் “மகிழ்ச்சியாக இருக்க 80 சதவீத வாய்ப்பு” என்ற மாதிரி ஒரு பதில் வரும்.

அப்படியானால் அது எதைக் கற்றிருக்கிறது? யாரோ சிலர் “மகிழ்ச்சி” என்று பெயர் ஒட்டிய முகங்கள் எப்படி இருக்கும் என்பதைக் கற்றிருக்கிறது, அவ்வளவுதான். பெயர் ஒட்டியவர்கள் வேறு நாட்டு ஆட்கள் என்றால், அவர்கள் கண்ணுக்குப் பட்டதுதான் அதன் கண்ணுக்கும் படும்.

இந்தத் துறைக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் போல் எக்மன். கோபம், பயம், அருவருப்பு போன்ற சில அடிப்படை உணர்ச்சிகளுக்கு உலகம் முழுக்க ஒரே முகக்குறிதான் என்றார் அவர். கேட்க நன்றாக இருக்கிறது. கணினிக்காரர்களுக்கு வசதியாகவும் இருந்தது. ஆனால் 2019இல் லிசா ஃபெல்ட்மன் பரெட் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு, முகத்தை மட்டும் வைத்து உணர்ச்சியைச் சொல்வது நம்பத்தக்கதல்ல என்று எழுதினார்கள். கோபம் வரும்போது மனிதர்கள் முகத்தைச் சுளிப்பது சுமார் 30 சதவீத வேளைகளில்தான். மற்ற நேரங்களில் கோபக்காரர் அமைதியாக இருப்பார், அழுவார், சிரிக்கக்கூடச் செய்வார். சுளித்த முகம் எல்லாமே கோபமும் இல்லை.

இதற்கு ஆய்வுக்கட்டுரை தேவையா என்று எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்பார்கள். கணக்கப்பிள்ளை நாலு பேர் முன்னால் ஏசும்போது தலையைக் குனிந்துகொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரிப்பவனை எந்த கமராவும் “மகிழ்ச்சி” என்றுதான் எழுதும். காலை வெயில் கண்ணில் அடிக்க, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கொழுந்து கிள்ளும் அக்காவை “கோபம்” என்று எழுதும். அக்கா மனசுக்குள் மகளின் சடங்குக்குச் சீலை எடுத்துக்கொண்டிருப்பாள்.

## இரண்டாவது வேலை: காட்டுவது

இதில் மெஷின்கள் கெட்டிக்காரர்கள். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1990களின் கடைசியில் சிந்தியா பிரெஸீல் ‘கிஸ்மெட்’ என்று ஒரு ரோபோ செய்தார். உடம்பு கிடையாது, தலை மட்டும். இமை, புருவம், காது, உதடு எல்லாவற்றையும் மோட்டார்கள் அசைக்கும். உள்ளே சில எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதில் ஒன்று துணை தேடும் எண். யாரும் பக்கத்தில் வராவிட்டால் அது ஏறும், ஏறினால் முகம் வாடும். மிக அருகில் வந்து தொல்லை கொடுத்தால் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். குரலில் கொஞ்சலா அதட்டலா என்று மட்டும் பிரித்தறியும். சொல்கிற வார்த்தை விளங்காது. ஆனாலும் வந்தவர்கள் பலர் அதோடு குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார்கள். 2017இல் சவூதி அரேபியா குடியுரிமை கொடுத்ததாக எல்லோரும் பகிர்ந்த ‘சோஃபியா’ ரோபோவும் இந்த வழியில் வந்ததுதான். தோல் இன்னும் கொஞ்சம் மனிதத் தோல் மாதிரி, விளம்பரம் இன்னும் நிறைய.

காட்டுவதற்கு முகம்கூடத் தேவையில்லை, எழுத்தே போதும். 1966இல் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி விஞ்ஞானி ‘எலிஸா’ என்ற நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்வதில் சில சொற்களைப் பிடித்து, அவற்றைத் திருப்பிப் போட்டுக் கேள்வியாக்கும். அம்மா என்ற சொல் வந்தால் “உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்” என்று கேட்கும். அதன் சாமர்த்தியம் அவ்வளவுதான். அது உருவாவதைப் பல மாதம் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, எலிஸாவோடு கொஞ்ச நேரம் பேசியதும் “நீங்கள் வெளியே போக முடியுமா?” என்று வைசன்பாமைக் கேட்டாராம். தனியாகப் பேச வேண்டுமாம். வைசன்பாம் ஆடிப்போய்விட்டார். பிற்காலத்தில் கணினிகளிடம் எதை ஒப்படைக்கக்கூடாது என்று புத்தகமே எழுதினார்.

இன்று போனில் நம்மோடு பேசும் நிரல்கள் எலிஸாவைவிடப் பல மடங்கு பெரியவை. அவற்றுக்கு மொழி மாதிரி என்று பெயர்: மனிதர்கள் எழுதிய மலையளவு எழுத்தைப் படித்து, இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எந்தச் சொல் வரத் தகும் என்று கணிக்கும் நிரல். மனிதர் எழுதியதில் ஒப்பாரி, காதல் கடிதம், மன்னிப்பு எல்லாம் இருக்கின்றன. அதனால் “எனக்கும் மனசு கஷ்டமாக இருக்கிறது” என்று அழகாக எழுத அதற்கு வரும். 2022இல் கூகுள் பொறியியலாளர் பிளேக் லெமொயின் அந்த நிறுவனத்தின் மொழி மாதிரிக்கு உணர்வு வந்துவிட்டதாகவே சொன்னார். நிறுவனம் மறுத்தது, பிறகு அவரை வேலையை விட்டும் நீக்கியது. அந்தச் செய்தி நம் போன்களுக்கு வந்தபோது முதல் பாதி மட்டும்தான் வந்தது.

## மிச்ச வேலையைச் செய்வது நம் மனசு

படித்தவர்கள், பக்கத்திலேயே இருந்தவர்கள் எல்லாம் ஏன் ஏமாறுகிறார்கள்? 1944இல் ஃப்ரிட்ஸ் ஹைடர், மரியன் சிம்மல் என்ற உளவியலாளர்கள் ஓர் ஆய்வுக்காக ஒரு சின்னப் படம் காட்டினார்கள். பெரிய முக்கோணம், சின்ன முக்கோணம், ஒரு வட்டம் மூன்றும் ஒரு கட்டத்தைச் சுற்றி நகரும். முகம் கிடையாது, குரல் கிடையாது. பார்த்ததை எழுதச் சொன்னபோது, முதல் குழுவில் இருந்த 34 பேரில் ஒரே ஒருவர்தான் “முக்கோணம் நகர்ந்தது” என்ற ரீதியில் எழுதினார். மற்றவர்களுக்குப் பெரிய முக்கோணம் முரடனாகவும் வட்டம் பயந்த பெண்ணாகவும் தெரிந்தன. ஒரு கோட்டோவியத்துக்கே இத்தனை கதை என்றால், கண்ணைச் சிமிட்டும் ரோபோவை விட்டுவைப்போமா?

இதுவரைக்கும் வந்ததைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். முகத்தைப் படிப்பது எண்களுக்குப் பெயர் ஒட்டும் வேலை. அதில் மெஷின் இன்னும் தடுமாறுகிறது. காட்டுவது நடிப்பு வேலை. அதில் நன்றாகத் தேறிவிட்டது. இரண்டையும் செய்ய உள்ளுக்குள் எதுவும் உணரவேண்டிய அவசியம் இல்லை.

## மூன்றாவது வேலை: உணர்வது

மலையில் குளவி கலைந்தால் என்ன நடக்கும் என்று கொழுந்து எடுப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. “ங்ங்” என்ற சத்தம் காதில் விழும். அது குளவி என்று மனசு சொல்வதற்குள் கூடை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அந்த ஒரு நொடியில் உடம்புக்குள் நடப்பதைத்தான் நாம் பயம் என்கிறோம். மூளைக்குள் அமிக்டலா என்று பாதாம் பருப்பு வடிவில் ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்தின் அறிகுறி கிடைத்ததும் முதலில் விழித்துக்கொள்ளும் இடங்களில் அது முக்கியமானது. சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டும். அது இரத்தத்தில் கலந்து ஓடவைக்கும் சுரப்பு நீர். நெஞ்சு படபடக்கும், வயிறு பிசையும், கை வேர்க்கும். அப்புறம் ஒரு வாரத்துக்கு அந்த மலைப்பக்கம் போகும்போதே கால் தயங்கும்.

அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1884இலேயே விஷயத்தைத் தலைகீழாக்கிச் சொன்னார்: பயந்ததால் நாம் நடுங்கவில்லை, நடுங்குவதை உணர்வதுதான் பயம். அவர் சொன்னதை அப்படியே எல்லோரும் ஏற்கவில்லை. என்றாலும் உடம்பை விட்டுவிட்டு உணர்ச்சியை விளக்க முடியாது என்பதில் பிற்கால ஆய்வாளர்கள் பலர் அவர் பக்கம் நிற்கிறார்கள்.

இப்போது அதே இடத்தில் ஒரு ரோபோவை நிறுத்துங்கள். மைக் குளவிச் சத்தத்தைப் பிடிக்கும், நிரல் “விலகு” என்று கட்டளையிடும், சக்கரம் உருளும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஓட்டம்தான். ஆனால் அந்த ஓட்டத்தில் ரோபோவுக்கு இழக்க எதுவும் இல்லை. வீட்டில் பிள்ளை காத்திருக்கவில்லை, கொட்டினால் வலிக்காது, செத்துப்போகும் என்ற பேச்சே இல்லை. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய ஓர் உடம்பு இருப்பதால் வந்ததுதான் உணர்ச்சி. அந்த உடம்பு இல்லாமல் அது எப்படி வரும் என்பதற்கு இன்றுவரை யாரும் செய்துகாட்டிய வழி இல்லை.

உணர்ச்சி அறிவுக்கு எதிரி என்றும் ஒரு நினைப்பு நம்மிடம் உண்டு. மூளை நரம்பியல் மருத்துவர் அன்டோனியோ டமாசியோ 1994இல் எழுதிய புத்தகத்தில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறார். மூளையின் முன்பக்கத்தில் உணர்ச்சியோடு சம்பந்தப்பட்ட ஒரு பகுதி அவருக்குப் பாதிக்கப்பட்டிருந்தது. புத்தி, ஞாபகம், பேச்சு எல்லாம் சரி. அடுத்த முறை வர இரண்டு திகதிகளைச் சொல்லி, எது வசதி என்று கேட்டால், அரை மணி நேரம் போல இரண்டின் சாதக பாதகங்களை அடுக்கிக்கொண்டே இருந்தாராம்: வேறு வேலை, மழை வருமா, வராதா. முடிவு மட்டும் வரவில்லை. கடைசியில் மருத்துவரே ஒரு திகதியைச் சொன்னதும் “சரி” என்று எழுந்து போய்விட்டார். “போதும், இதையே எடு” என்று நம்மைத் தள்ளிவிடுவதும் உணர்ச்சிதான்.

## படம் எங்கே சறுக்குகிறது?

இதை வைத்துக்கொண்டு ‘எந்திரனை’த் திரும்பப் பார்த்தால் மூன்று இடங்கள் கண்ணில் படும்.

முதலாவது, தீ விபத்துக் காட்சி. எரியும் கட்டடத்திலிருந்து எல்லோரையும் தூக்கிவரும் சிட்டி, குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கிவந்து கூட்டத்தின் முன்னால் நிறுத்திவிடும். வெட்கம் தாங்காமல் ஓடிய அவள் வாகனத்தில் அடிபட்டு இறந்துபோவாள். படத்தின் கனமான காட்சி இதுதான் என்பேன். இதன் பிறகுதான் சிட்டிக்கு உணர்ச்சி வேண்டும் என்று வசீகரன் இறங்குகிறார். ஆனால் சிட்டிக்கு அங்கே இல்லாமல் போனது வெட்கம் இல்லை. வெட்கத்தைப் பற்றிய அறிவு. உடை இல்லாதவரைப் போர்த்தித் தூக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாள். அடுத்தவரின் உணர்ச்சியை மதிக்கத் தெரிவதும் தனக்கே உணர்ச்சி இருப்பதும் வேறு வேறு. கதை இந்த இடத்தில் ஒரு பாய்ச்சல் பாய்கிறது, நாமும் கண்ணீரோடு கூடவே பாய்ந்துவிடுகிறோம். திரைக்கதைக்கு அது வெற்றிதான்.

இரண்டாவது, சிட்டிக்கு உணர்ச்சியைக் கொண்டுவரும் மின்னல். சித்திரை மாத இடி முழக்கத்தில் எங்கள் லயங்களில் எத்தனையோ டிவி போயிருக்கிறது. எதற்கும் உணர்ச்சி வந்ததில்லை, புகைதான் வந்தது. அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லை எரிக்கும். புதிதாக ஒரு நிரலை எழுதிவைக்காது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. சிட்டிக்கு முதலில் கணக்கும் மொழியும் முழுசாக இருக்கின்றன, உணர்ச்சி கடைசியாக மேலே ஒட்டப்படுகிறது. உயிர்களின் கதை இதற்கு நேர்மாறு. ஆபத்தைக் கண்டு விலகவும் இரையைக் கண்டு நெருங்கவும் உயிர்கள் பழகிப் பல கோடி ஆண்டுகளுக்குப் பிறகுதான் மொழியும் கணக்கும் வந்தன. நமக்குப் பயம் அடித்தளம், பெருக்கல் வாய்ப்பாடு மேல்மாடி. இன்றைய நிரல்கள் மேல்மாடியிலிருந்து தொடங்கியவை. சிட்டியைப் போலவே.

ஆக, படத்தில் வசீகரனின் காதலி சனா முத்தம் கொடுத்ததும் சிட்டிக்குள் பற்றிக்கொள்ளும் காதல் மூன்றாவது வேலை. நிஜ உலகத்து ரோபோக்கள் இரண்டாவது வேலையோடு நிற்கின்றன. போனில் வரும் காணொளி எதுவானாலும், அது இந்த மூன்றில் எதைக் காட்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

## அப்போ எதற்குத்தான் யோசிக்க வேண்டும்?

ரோபோ நம் மீது காதல் கொள்வதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. முதல் வேலையை அரைகுறையாகச் செய்யும் கமரா வேலைத்தளத்துக்கு வந்தால்தான் கவலை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அப்படி ஒன்றை நட்டுவைத்து, “இன்றைக்கு உன் முகத்தில் ஆர்வம் இல்லை, அரைப்பேர்தான்” என்று அரை நாள் சம்பளத்தை வெட்டினால் யாரிடம் போய் முறையிடுவது? கொழுந்து குறைந்தால் தராசில் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். மனசுக்கு அந்த வழி இல்லை.

இந்தப் பயம் எனக்கு மட்டும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம், வேலைத்தளங்களிலும் கல்வி நிலையங்களிலும் ஆட்களின் உணர்ச்சியைக் கணிக்கும் நிரல்களைத் தடை செய்கிறது. 2025 பெப்ரவரி 2 முதல் அந்தத் தடை நடைமுறையில் இருக்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. ஒரு நுணுக்கத்தையும் அந்தச் சட்டம் கவனித்திருக்கிறது. வலி, களைப்பு போன்ற உடல் நிலைகளை அது உணர்ச்சிக் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் சாரதி களைத்திருப்பதைக் கண்டுபிடிக்கும் கருவிக்குத் தடை இல்லை.

அந்தக் கருவி எங்களுக்கு வேண்டியதுதான். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திருப்பவர்களுக்குக் கினிகத்தேனைக்கு மேலே உள்ள வளைவுகள் தெரியும். சாரதியின் இமை வழக்கத்தைவிட அதிக நேரம் மூடினால் கமரா கவனித்துச் சத்தம் போட்டு எழுப்பிவிடும். அதற்கு அவர் மேல் பாசம் இருக்கத் தேவையில்லை, இமை மூடிய நேரத்தைச் சரியாக அளந்தால் சரி.